கரன்ட் போனால்தான் லைன்மேன் ஞாபகம்

கேள்வி: அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டி.வி.யில் அமெரிக்கன் ஃபுட்பால்தான். முன்வரிசையில் ஐந்து தடியர்கள் குனிந்து நிற்கிறார்கள், எதிரே வருகிறவனை முட்டுகிறார்கள், அவ்வளவுதான். பந்தைத் தொடுவதே இல்லை. இதற்குக் கோடிக்கணக்கில் சம்பளமாம்! எங்கள் வீட்டு எருமையைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதுவும் முட்டுமே?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் ஒரு திருத்தம். அந்த ஐந்து பேரில் நடுவில் நிற்கும் 'சென்டர்'தான் ஒவ்வொரு முறையும் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிக் கொடுக்கிறார். அவர் கை படாமல் ஆட்டமே தொடங்காது. மூன்று மாதம் பார்த்தும் இது கண்ணில் படவில்லை என்றால், நீங்கள் அந்த ஐந்து பேரைப் பார்க்கவே இல்லை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான்.

இந்த ஐவருக்கும் பொதுப்பெயர் 'லைன்மேன்'. நமக்கு லைன்மேன் என்றால் மின்கம்பத்தில் ஏறுகிறவர். கரன்ட் இருக்கிறவரை அவரை யாராவது நினைக்கிறோமா? இங்கேயும் அதே கதைதான். இவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. பந்தை எறிகிற குவாட்டர்பேக் நிம்மதியாக நின்று எறிவார், கைதட்டல் அவருக்குப் போகும். எதிராளியின் சட்டையைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டால் மட்டும் நடுவர் மைக்கை ஆன் செய்து, ஸ்டேடியம் முழுக்கக் கேட்கும்படி "ஹோல்டிங், நம்பர் இன்னது, பத்து யார்டு" என்று அறிவிப்பார். தன் நம்பர் ஒலிபெருக்கியில் கேட்டால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு உத்தியோகம்.

நீங்கள் தங்கியிருந்த அதே ஓஹையோ மாநிலத்துக்காரர்கள் மறக்காத ஒருவரைச் சொல்கிறேன். ஜோ தாமஸ். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் 'லெஃப்ட் டேக்கிள்', அதாவது வரிசையின் இடது ஓரம். வலக்கைக்காரரான குவாட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இந்தப் பக்கம்தான் இருக்கும். பின்னாலிருந்து யார் பாய்ந்து வருகிறான் என்று அவருக்குத் தெரியாது. அந்த முதுகுக்குக் காவல்தான் லெஃப்ட் டேக்கிள். சம்பளம் ஏன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

2007இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா நியூயார்க்கில் நடந்தது. முன்னணி ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு போயிற்று. தாமஸ் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாகத் தன்னை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி அவருக்குப் படகில்தான் வந்தது. எனக்கு இந்த ஒரு விஷயத்திலேயே ஆளைப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் 11 வருடம் ஒரே அணி. அது எப்பேர்ப்பட்ட அணி தெரியுமா? அந்த 11 பருவங்களில் 48 வெற்றி, 128 தோல்வி. முதல் வருடம் மட்டும் 10 ஆட்டம் ஜெயித்தார்கள், அப்போதும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 2016இல் ஒரே ஒரு வெற்றி. 2017இல் அதுவும் இல்லை, 16க்கு 16 தோல்வி. ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் மாறினார்கள். அவர் முதுகு காத்த குவாட்டர்பேக்குகள் சுமார் இருபது பேர். ஆள் மாற மாற ஒவ்வொருவர் நிற்கிற இடமும் குரல் கொடுக்கிற விதமும் மாறும், இவர் புதிதாகப் பழக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் தாமஸ் ஒரு ஸ்நாப்கூட விடவில்லை. ஸ்நாப் என்றால் பந்து ஒருமுறை கிளம்புவது. தொடர்ச்சியாக 10,363. கணக்கு வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் அதிகம். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 62 தடவை, நூறு கிலோவுக்கு மேலான ஓர் ஆள் ஓடி வந்து மோதுவதைத் தாங்கிவிட்டு, எழுந்து வந்து மறுபடி குனிந்து நிற்பது. அதுவும் தோற்கப்போகிறோம் என்று ஊருக்கே தெரிந்த ஆட்டத்தில்.

2017 அக்டோபர் 22 அன்று, டென்னசி டைட்டன்ஸோடு நடந்த ஆட்டத்தில், இடது கையின் ட்ரைசெப்ஸ் தசை கிழிந்தது. வெளியேறினார், அடுத்த ஸ்நாப்புக்கு அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். அடுத்த மார்ச்சில் ஓய்வு அறிவித்தார். 10,363 என்ற எண்ணை கிளீவ்லாந்து ஸ்டேடியத்திலேயே பதித்து வைத்துவிட்டார்கள். 2023இல், தகுதி பெற்ற முதல் வருடமே, கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவ மண்டபத்தில், இடம் கிடைத்தது. உங்கள் மகன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான், அடுத்த தடவை ஒரு எட்டு போய்ப் பாருங்கள். ஆடும்போது ஏறக்குறைய 140 கிலோ இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு இருபது கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டார். அந்தத் தொப்பையும் வேலைக்காகச் சாப்பிட்டு வளர்த்ததுதான்.

சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் மைக் வெப்ஸ்டரையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். தாமஸுக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத சூப்பர் பவுல், அதாவது என்.எஃப்.எல். லீக்கின் சாம்பியன் பட்டம், இவருக்கு நான்கு. ஹால் ஆஃப் ஃபேமும் உண்டு. ஆனால் 17 பருவங்கள் தலையால் மோதியதன் விலையை ஓய்வுக்குப் பின் கொடுத்தார். ஞாபகம் தடுமாறியது, பணம் போயிற்று, சில நாள் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார். 2002இல், 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு கண்டுபிடித்ததுதான் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு. இந்த லீக் ஆட்டக்காரர் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. முட்டுகிறவர்களை நான் ஒன்றும் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. முட்டு ஒவ்வொன்றும் எங்கோ கணக்கில் ஏறுகிறது என்கிறேன்.

சரி, எருமைக்கு வருவோம். உங்கள் எருமை முட்டும், சந்தேகமில்லை. ஆனால் லெஃப்ட் டேக்கிளின் வேலையில் முட்டுவது இரண்டாவது பாதிதான். பந்து கிளம்பிய நொடியில், உடம்பை முன்பக்கம் காட்டியபடியே, இடது காலைப் பின்னுக்கு உதைத்து உதைத்து, குறுக்கே சரிந்தபடி பின்னால் போக வேண்டும். எதிரே வருகிறவனோ முன்னோக்கி முழு வேகத்தில் வருகிறான். அவன் வெளிப்பக்கம் போவானா, உள்ளே வெட்டுவானா என்று தெரிகிறவரை இவர் கையையும் நீட்டக்கூடாது, முந்தி நீட்டினால் தட்டிவிட்டுப் போய்விடுவான். பந்து கிளம்புவதற்கு முன்னால் அசைந்தாலோ அதற்கு ஐந்து யார்டு தண்டனை. எருமை பொறுமையான பிராணி, அதுவரை ஒருவேளை அசையாமல் நிற்கும். ஆனால் பின்னோக்கி ஓடுகிற எருமையை நான் பார்த்ததில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் இருந்தால் விலை விசாரித்து எழுதுங்கள்.