சிரட்டையும் புளியங்கொட்டையும்

கே: யோகட் கப் இரண்டை நூலில் கட்டி டெலிபோன் செய்து கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். (உவர்மலை)

ப: நூல் தொய்ந்திருக்கும். விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் கதவு நிலையில் பட்டாலும் சத்தம் அங்கேயே நின்றுவிடும்.

கே: சவர்க்காரக் குமிழி ஊத ஊத உடைகிறது. என்ன பிழை? (நிலாவெளி)

ப: உங்கள் கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும், அதில் குமிழி நிற்காது. குழாய்த் தண்ணீர் ஆறு கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கப், சீனி இரண்டு மூன்று கரண்டி. கலக்கி ஒரு இரவு மூடி வையுங்கள். அப்புறம், கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் யார் ஊதினாலும் காய்ந்து உடையும். காலையில் வெயில் ஏறமுன் ஊதட்டும். பிளாஸ்டிக் குழல் எதற்கு? பப்பாசி இலைத்தண்டை இரண்டு பக்கமும் நறுக்கி, பால் போகக் கழுவிக் கொடுங்கள். உறிஞ்சாமல் ஊதத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்.

கே: என் மகனுக்கு வீட்டில் விளையாட நல்ல விளையாட்டு ஒன்று சொல்லவும். (ஊரும் இல்லை, வயதும் இல்லை)

ப: மகனுக்கு ஒன்றரை வயதா, ஒன்பதா? வயதை எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒன்பது என்றால் கொக்கான் வெட்ட ஐந்து கல் போதும். ஒன்றரை என்றால் அதில் ஒரு கல் தொண்டைக்குள் போகும். திரும்பவும் சொல்கிறேன்: டொய்லட் ரோலின் நடுக்குழாய்க்குள் நுழைகிற எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அந்த வயதுக்கு ஒரு சட்டியும் அகப்பையும் காணும். காதுதான் உங்களுக்குப் போகும்.

கே: மகள் தரம் 3. பல்லாங்குழி விளையாடினால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவுமா? எத்தனை நிமிடம் விடலாம்? (பாலையூற்று)

ப: தங்கச்சி, இதே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பரீட்சை தரம் 5இல். இடையில் கிடக்கிற இரண்டு வருடத்தையாவது பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

குழி 14, குழிக்கு 5 என்றால் மொத்தம் 70 புளியங்கொட்டை. போன விடுமுறையில் ஒரு வீட்டில் பார்த்தேன். சிரட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கிப் பிள்ளை விளையாட, தாய் பக்கத்தில் கொப்பியோடு. "இப்ப கையில எத்தனை? கூட்டி எழுது." மூன்றாவது கேள்வியோடு பிள்ளைக்குத் தண்ணீர் விடாய்த்தது, எழும்பிப் போனவள் திரும்பி வரவில்லை. பின்னேரம் அம்மம்மா சிரட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். அதே பிள்ளை இப்போது அள்ளுவதற்கு முன் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தொடவில்லை, கண் மட்டும் குழி குழியாகப் போய் வந்தது. கடைசிக் கொட்டை எங்கே விழும், அதற்கடுத்தது வெறுங்குழியா, அதைத் தடவி எதை அள்ளலாம்? கொப்பியில் ஒரு வரி வராத பிள்ளை போட்ட கணக்கு அது. தோற்றுப்போன அம்மம்மா "கள்ளி" என்று திட்டினார். அதுதான் அதற்குப் புள்ளி.

நிமிடமெல்லாம் எனக்குத் தெரியாது. அலுத்தால் அவளே எழும்புவாள்.

கே: புளியங்கொட்டைக்குப் பதில் குன்றிமணி போடலாமா? வடிவாக இருக்கிறது. (கிண்ணியா)

ப: வேண்டவே வேண்டாம். மென்று விழுங்கினால் உயிரை எடுக்கும் நஞ்சு அதற்குள் இருக்கிறது. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குன்றிமணி தேடுவானேன்? சிப்பி பொறுக்குங்கள். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ரோல் குழாயை மறக்க வேண்டாம்.

கே: கோதுமை மாவும் உப்பும் பிசைந்து செய்த களி மறுநாள் பிசுபிசுக்கிறது. (குச்சவெளி)

ப: உப்பு ஈரத்தை இழுக்கும், கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் மா தூவிப் பிசைந்து, மூடி இறுகிய பேணியில் வையுங்கள். மா இரண்டு பங்குக்கு உப்பு ஒரு பங்கு. எதையும் வாயில் போடுகிற வயதில் இது வேண்டாம், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

கே: இரவில் கரண்ட் போனால் என்ன விளையாடலாம்? (தம்பலகாமம்)

ப: ஒரு டோர்ச், வெள்ளைச் சுவர், இரண்டு கை. மானும் நாயும் தானாக வரும். மெழுகுதிரியில் நிழல் இன்னும் வடிவாக ஆடும்தான், ஆனால் பக்கத்தில் நுளம்பு வலை தொங்கும். டோர்ச்தான்.