மூட்டைப்பூச்சிக்கு ஃபாகர் டப்பா வாங்கலாமா? ஒரு லைன் வீட்டுக்காரம்மாவின் பதில்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மூட்டைப்பூச்சி தாங்க முடியவில்லை. டெட்டால், கற்பூரம், கரப்பான் ஸ்பிரே எல்லாம் அடித்துப் பார்த்தாயிற்று. ஆன்லைனில் ஃபாகர் என்று ஒரு டப்பா விற்கிறார்கள். அமுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனால் போதுமாம். வாங்கலாமா?

வாங்காதீங்க. காசு தண்டம். அவசரத்துல இருக்கறவங்க இத்தோட நிறுத்திக்கலாம்.

நான் யாருன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி கமெண்ட்ல யாராச்சும் "ஓனரம்மா வக்காலத்துக்கு வந்துட்டாங்க"ம்பாங்க. ஆமாங்க, ஓனரம்மாதான். திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கு வர்றவங்களுக்கு எங்க மாமனார் கட்டி விட்ட லைன் வீடு. வரிசையா ஓட்டு வீடுக, வீட்டுக்கு ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, குளிக்கறதெல்லாம் பொடக்காலில, அதான் வீட்டுக்குப் பின்னால, பொது. உங்களுதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டுப் பேசறேன்.

இந்தக் கேள்விக்கு வரிஞ்சு கட்டிட்டு வந்ததுக்குக் காரணம் இருக்குதுங்க. எங்க லைன்ல மூட்டைப்பூச்சி வந்தப்ப தெருவே சேர்ந்து கை காட்டுனது கடைசி வீட்ல இருந்த ஒடிசா பசங்களை. "அவனுகளுக்கெல்லாம் வீடு விட்டா இப்படித்தான்"னு என் காதுபடவே பேசுனாங்க. நான் வீடு வீடா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பசங்க படுத்திருந்தது கோரைப்பாய்ல, அதுல ஒண்ணுமில்லை. முன்வீட்ல புதுசா கல்யாணமான ஜோடி, பழைய சாமான் கடையில வாங்கிப் போட்ட சோபா. அதோட தையல் ஓரம் பூராவும் மை தெளிச்சாப்பல கருப்புப் புள்ளி. பூச்சி குடிச்ச ரத்தம் கழிவா வந்து காஞ்சது அது. மடிப்பை விரிச்சா உரிச்சுப் போட்ட தோலு, அரிசி நொய்யை விடச் சின்னதா வெள்ளை முட்டை. ஆதார் கார்டைப் பார்த்துட்டா மூட்டைப்பூச்சி கடிக்குது?

அந்த முன்வீட்டு மாப்பிள்ளை என்னைக் கேட்டிருந்தா ஃபாகர் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவன் கேட்டது என் கொழுந்தனாரை. கொழுந்தனார் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. உட்கார்ந்த எடத்துல போன்லயே ஆர்டர் போட்டுட்டு "அண்ணி, பிரச்னை முடிஞ்சுது"ன்னார்.

சம்பந்தமில்லைன்னாலும் இதையும் சொல்லிக்கறேனுங்க. வாடகைல பாதி அவர் அக்கவுண்டுக்கு மாசம் பொறந்தா போயிடோணும், ஒரு நாள் தாமதமானா மெசேஜ் வரும். செப்டிக் டேங்க் நெறஞ்சா நான். ஓடு ஒடைஞ்சா நான். ஆடிக் காத்துல வேப்பமரக் கொப்பு சுவத்து மேல விழுந்தப்ப ஆள் கூட்டி அறுத்துப் போட்டது நான். பொங்கலுக்கு ஒறம்பரை மாதிரி வந்து இட்லி சாப்பிட்டுட்டு, "லைனை மெயின்டெயின் பண்றதே இல்லையா அண்ணி"ன்னு ஒரு கேள்வி வேற. சரி, விடுங்க.

டப்பா வந்துச்சு. பத்துக்குப் பத்து ரூமுக்குள்ள ஒண்ணு போதாதுன்னு ரெண்டு அமுக்கிட்டு, புருசனும் பொஞ்சாதியும் சினிமாவுக்குப் போயிட்டாங்க. ஓட்டு வீட்டோட அமைப்பு தெரிஞ்சவங்களுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னு சொல்லவே வேண்டாம். நடுச்சுவர் ஓடு வரைக்கும் ஏறாது, மேல ஒரு மொழம் சந்து இருக்கும். புகை அந்தச் சந்து வழியா பக்கத்து வீட்டுக்குள்ள எறங்கி, தொட்டில்ல கெடந்த கைக்குழந்தைக்கு இருமல் புடிச்சுக்கிச்சு. சாயங்காலம் வாசல்ல பெரிய சண்டை. இதுல இன்னொரு ஆபத்து பல பேருக்குத் தெரியறதில்லை: அந்த டப்பாவுல மருந்தை வெளிய தள்ளறது பெரும்பாலும் தீப்புடிக்கற கேஸு. சாமி விளக்கு எரிஞ்சாலோ, அடுப்பு எரிஞ்சாலோ, பிரிட்ஜ் ஆன் ஆகறப்ப ஒரு பொறி தட்டுனாலோ குப்புன்னு புடிக்கும். வெளிநாட்ல இப்படி வீடே வெடிச்சிருக்குது.

மக்யா நாள் கூட்டுனப்ப தரையில கொசுவும் நாலஞ்சு கரப்பானும் செத்துக் கெடந்துச்சு. அதைப் பார்த்து அவங்களுக்கு ஒரே சந்தோசம். மூட்டைப்பூச்சி? சோபா மடிப்புக்குள்ள இருந்தது அப்படியே இருந்துச்சு, கொஞ்ச நாள்ல பக்கத்து வீட்லயும் கடி.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஃபாகர் புகை மேல போயிட்டுக் கீழ படியும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியற எடத்துலதான் மருந்து விழும். மூட்டைப்பூச்சி பகல்ல கட்டில் மூலை, ஆணி ஓட்டை, ஸ்விட்ச் போர்டு சந்து, காலண்டருக்குப் பின்னாலன்னு ஒண்டிக் கெடக்கும். போதாக்குறைக்கு டப்பாவுல இருக்கறது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து, கொசு லிக்விட், எறும்பு சாக்பீஸ் எல்லாத்துலயும் இருக்கற அதே குடும்பம். அதுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி எப்பவோ பழகிப் போச்சு. இதை நானா சொல்லலை. அமெரிக்காவுல ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல 2012-ல கடையில விக்கற மூணு ஃபாகரை வாங்கி மூட்டைப்பூச்சி மேல சோதிச்சாங்க. ஒரு துண்டுத் துணிக்கு அடியில ஒளிஞ்ச பூச்சிக்குக்கூட அது வேலை செய்யலை. கரப்பானுக்கும் அதே கதிதான். 2019-ல வட கரோலினாவுல சின்ன ரகக் கரப்பானுக்கு ஃபாகர் வெச்சுப் பார்த்தாங்க, கரப்பான் குறையலை, மருந்து மட்டும் வீடெல்லாம் படிஞ்சுச்சு. சந்துல வைக்கற ஜெல் மருந்துல நல்லாவே குறைஞ்சுது. உங்களுக்குக் கரப்பானும் இருந்தா ஜெல் வாங்குங்க.

எங்க லைன்ல பூச்சியை ஒழிச்சது ஒரு அயர்ன் மாஸ்டர். நாலாவது வீட்டுக்காரர், கம்பெனியில பீஸ் அயர்ன் பண்றவர். மேல தண்ணி பாட்டிலைத் தொங்கவிட்டு டியூப் வழியா தண்ணி எறங்கற ஸ்டீம் அயர்ன் இருக்குதுல்லீங்க, பனியன் கம்பெனி பார்த்தவங்களுக்குத் தெரியும். அதை ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டு வாங்கிட்டு வந்தார். பாட்டிலைச் சன்னல் கம்பில கட்டித் தொங்கவிட்டு, சோபாத் தையலை விரலால விரிச்சு விரிச்சு, விரக்கடை விரக்கடையா நகர்த்துனார். வேகமா நகர்த்துனா பூச்சி சாகாது, ஆவி வேகமா அடிச்சாலும் தெறிச்சு ஓடிடும்னு அயர்ன் அடியில துணியைச் சுத்திக்கிட்டார். பக்கத்துல டம்ளரைக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தவன் அந்த ஒடிசா பசங்கள்ல ஒருத்தன், ஓடி வர்றதைத் தட்டி சோப்புத் தண்ணில போடறதுக்கு. அவனைப் பேசுன பொம்பளைக வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தாங்க.

வீட்ல நாமளே பண்றதுல சூட்டுக்குத்தான் அது நல்லாச் சாகும். 50 டிகிரி தாண்டுனா பூச்சியும் போச்சு, முட்டையும் போச்சு. எங்க அமுச்சி, அம்மாவைப் பெத்தவங்க, அவிநாசிப் பக்கம் கயித்துக்கட்டிலை வெளிய கவுத்துப் போட்டு, பானை பானையாக் கொதிக்கற தண்ணியை முடிச்சுல ஊத்தும். அந்தக் காலத்து ஆளுகளுக்கு எண் தெரியாது, வேலை தெரிஞ்சிருந்துது. நீங்களும் போர்வை, தலையணை உறையெல்லாம் சுடுதண்ணில அலசி மடிப்போட அயர்ன் பண்ணுங்க. இரும்புக் கட்டில்னா போல்ட் கழட்டி, ஒவ்வொரு மூட்டுலயும் வெந்நீர் ஊத்துங்க. மெத்தையை வெயில்ல போட்டாப் போதும்னு நம்பிராதீங்க, மேல் பக்கம் சுட்டா பூச்சி அடிப்பக்கம் போயிடும். பனியன் வேஸ்ட் அடைச்ச தலையணைல புடிச்சுதுன்னா கவர்ல இறுகக் கட்டிக் குப்பைக்குத் தாட்டி விட்ருங்க. முட்டை ஆறுல இருந்து பத்து நாள்ல பொரிக்கும், அதனால ரெண்டு வாரம் விட்டு மறுபடி ஒருக்கா எல்லாத்தையும் செய்யோணும். இதை விட்டவங்கதான் "வெந்நீரும் வேலைக்காகலை"ம்பாங்க.

டெட்டால், பினாயில், வேப்பெண்ணெய் எல்லாம் நேரா மேல பட்ட பூச்சிக்கு எதாச்சும் பண்ணலாம், மடிப்புக்குள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும். கற்பூரம் மணக்கும். வேப்பிலை, நொச்சிப் புகை போடற பெரியவங்க கோவிச்சுக்காதீங்க, கொசுவுக்குப் போடுங்க, நானும் போடறேன். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், பஞ்சு மெத்தைல தீ.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஊர்ல இருந்து காட்டுக்கு அடிக்கற மருந்தைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள அடிக்காதீங்க. நெல்லு, மஞ்சள் குடோன்ல வைக்கற மாத்திரையும் அப்படித்தான், அதுல வர்ற பாஸ்பீன் கேஸு பூச்சியோட உங்களையும் சேர்த்து முடிச்சிரும். 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல எலி மருந்து வெச்ச வீட்ல தூங்குன ரெண்டு குழந்தைக செத்துப் போச்சுங்க. அது காசு குடுத்து ஆளைக் கூப்பிட்டு வெச்ச மருந்து. அதனால ஆள் கூப்பிடறதா இருந்தாலும் 1968-ம் வருசப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசென்ஸ் இருக்குதான்னு பாருங்க, என்ன மருந்து, எத்தனை மணி நேரம் கழிச்சு உள்ள போகலாம்னு எழுதி வாங்குங்க.

செலவு யாரோடதுன்னு நீங்க கேக்கலை, ஆனா கேப்பீங்க. லைன் வீட்ல ஒரு வீட்டுக்கு மட்டும் பண்ணிப் பிரயோசனமில்லை, சுவரை ஒட்டுன வீடு எல்லாத்துக்கும் சேர்த்துப் பண்ணோணும், அதனால ஓனர்தான் முன்ன நிக்கோணும். உங்க ஓனர் "பூச்சி நீங்க கொண்டாந்தது"ன்னு சொன்னா இதைக் காட்டுங்க. அயர்ன் மாஸ்டருக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கும் சிப்ட் கூலி கணக்குப் போட்டு நான்தான் குடுத்தேன். அந்த மாச வாடகைல கொழுந்தனார் பங்குல அதுல பாதியைக் கழிச்சுட்டுத்தான் அனுப்புனேன். ஃபாகர் டப்பா விலையை அவர் இன்னும் என்கிட்ட கேட்டுட்டு இருக்கார்.