வாசகர் கேள்விகள்: ராமேசஸ் கண்காட்சியில் ராமேசஸ் எங்கே?

கும்பகோணம் வாசகி ஒருவர்: சிட்னியில் மகன் வீட்டில் இருந்தபோது ராமேசஸ் கண்காட்சிக்குப் போனோம். கடைசிவரை மம்மியைக் காணோம். ஒரு பழைய மரப்பெட்டியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். இதற்கா இவ்வளவு கூட்டம்?

சுமார் 3,200 வருஷத்துக்கு முன் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராமேசஸின் மம்மி வராது அம்மா. 2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் 22 அரச மம்மிகளை ராஜ மரியாதையோடு ஊர்வலமாகக் கொண்டுபோய், ஃபுஸ்தாத் பகுதியில் இருக்கும் தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில் வைத்தார்களே, இவரும் அதில் ஒருவர்.

ஆனால் நீங்கள் பழைய பெட்டி என்று கடந்து வந்தீர்களே, அது அவருடைய உடல் கிடந்த சவப்பெட்டி. என்னைக் கேட்டால் அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய பொருளே அதுதான். 66 வருஷம் ஆண்டு, தொண்ணூறு வயதை ஒட்டி இறந்த ராஜா. அரசர் பள்ளத்தாக்கில் பெரிய கல்லறை, அது நிறைய சாமான். அத்தனையும் கொள்ளை போனது. கோயில் பூசாரிகள் உடலையாவது காப்பாற்றுவோம் என்று அவரை ஒரு கல்லறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் தெய்ர் எல் பஹ்ரி பக்கம் மலைக்குள் ஒரு மறைவிடத்தில் மற்ற ராஜாக்களோடு சேர்த்து வைத்தார்கள். அப்படி மாற்றிய விவரத்தை இந்தத் தேவதாருப் பெட்டி மேலேயே மையால் எழுதியும் வைத்தார்கள். அந்த எழுத்து இல்லையென்றால் உள்ளே கிடப்பது யார் என்று சொல்வதே பெரும்பாடு ஆகியிருக்கும். பெட்டிகூட முதலில் வேறு யாருக்கோ செய்ததாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1881இல்தான் மறைவிடம் அதிகாரிகளுக்குத் தெரிந்தது, அதுவும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று பல வருஷமாகச் சத்தமில்லாமல் அங்கிருந்து எடுத்து விற்றுக்கொண்டிருந்தது பிடிபட்ட பிறகு.

சேலம் வாசகர்: கண்காட்சியின் பெயரில் தங்கம் என்று போட்டிருக்கிறார்களே, அதெல்லாம் ராமேசஸுடையதா?

பெரும்பாலும் இல்லை. அவர் தங்கம்தான் அப்போதே போய்விட்டதே! அங்கே வைத்திருந்த ஆமெனெமோப்பின் தங்க முகமூடி, இரண்டாம் ஷெஷோங்கின் வெள்ளிச் சவப்பெட்டி எல்லாம் அவருக்கு இருநூறு, முந்நூறு வருஷம் பிந்தைய ராஜாக்களுடையவை. நைல் கழிமுகத்தில் தானிஸ் என்ற இடத்தில் 1939, 1940இல் பியர் மோந்தே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தோண்டியெடுத்தவை. உலகப் போர் நேரம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இல்லையென்றால் துட்டன்காமுன் ராஜாவின் கல்லறைப் புதையல் அளவுக்குப் பேசியிருப்பார்கள். தங்கத்தைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் ராமேசஸைப் பார்க்காமலே திரும்பலாம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நாகர்கோவில் வாசகர்: ராமேசஸ் மம்மிக்கு பாஸ்போர்ட் எடுத்தார்களாமே? வாட்ஸ்அப்பில் படம் வந்தது.

அந்தப் படம் இப்போது கணினியில் செய்தது, நம்பாதீர்கள். ஆனால் பயணம் உண்மை. மம்மியைப் பூஞ்சை அரிக்கத் தொடங்கியதால் 1976 செப்டம்பரில் பாரிஸுக்கு விமானத்தில் அனுப்பினார்கள், ராணுவ மரியாதையோடு வரவேற்பு. அங்கே மாதக்கணக்கில் ஆராய்ந்து, காமா கதிர் செலுத்திப் பூஞ்சையை ஒழித்து, 1977இல் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பழைய உதவிக்கு நன்றியாகத்தான் 2023இல் இதே கண்காட்சி பாரிஸில் நடந்தபோது சவப்பெட்டியைக் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

இதில் நமக்கு ஒரு சின்ன சமாச்சாரம் உண்டு. ஆராய்ந்தபோது மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது! பதப்படுத்தியவர்கள் வைத்தது. மிளகுக்குத் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் என்பதால், 3,200 வருஷத்துக்கு முன்பே அது எப்படியோ கைமாறி எகிப்து வரை போயிருக்கிறது. இதை வைத்துத் தமிழர் கப்பல் நேராக அங்கே போனது என்று எழுதாதீர்கள், மிளகு அதைச் சொல்லவில்லை.

ஈரோடு வாசகி: காதேஷ் போரில் ராமேசஸ் ஜெயித்தாரா, இல்லையா?

கோயில் சுவர்களைக் கேட்டால் தனி ஆளாக ஜெயித்தார். அபு சிம்பெல், கர்னாக், லக்ஸர் என்று போன இடமெல்லாம் செதுக்கிவைத்துவிட்டார். நிஜத்தில் இன்றைய துருக்கிப் பக்கம் ஆண்ட ஹிட்டைட்டுகள் விரித்த வலையில் போய் விழுந்து, உதவிப் படை வந்ததால் தப்பினார். இன்றைய சிரியாவில் இருந்த காதேஷ் நகரம் கைக்கு வரவில்லை. சுமார் 15 வருஷம் கழித்து எகிப்தும் ஹிட்டைட்டுகளும் சமாதான ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஹிட்டைட் பக்கத்துக் களிமண் பலகை இஸ்தான்புல்லில் இருக்கிறது, அதன் நகலை நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டியிருக்கிறார்கள்.