வெட்டிக்கொண்டே காட்டைக் காக்க முடியுமா?

கேள்வி: இயற்கை வளத்தைப் பயன்படுத்திக்கொண்டே பாதுகாக்கும் கொள்கை எங்கே தோன்றியது? (வாசகர், தேனி)

பதில்: 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோவின் பெயரோடு இக்கொள்கை சேர்த்துப் பேசப்பட்டாலும், அதன் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் இருந்த வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் கிடைக்காமல் போகும் என்று அஞ்சிய சுரங்க நிர்வாகி கார்லோவிட்ஸ், மீண்டும் வளரும் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1713-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். பிரான்சின் நான்சி நகரில் வனவியல் கற்ற பின்ஷோவுக்கு வழிகாட்டியவர், பர்மாவின் தேக்குக் காடுகளை நிர்வகித்த பின் 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரான ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் என்பதை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். பயன்படுத்திக்கொண்டே காப்பது என்ற இதே நோக்கில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அணை கட்டுவதைப் பின்ஷோ ஆதரித்தார். இயற்கையைத் தொடாமல் அப்படியே காக்க வேண்டும் என்ற இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் கடுமையாக எதிர்த்தும், 1913-இல் அனுமதி கிடைத்தது. அந்தச் சர்ச்சையில் என் மனம் மியூரின் பக்கமே நிற்கிறது.