எண்ணெய்க் களிமமும் மருந்து வெளியீடும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (அரூர், விவசாயி): நாங்கள் விளைவிக்கும் கொட்டைமுத்துக்கும் மருந்து ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு, ஐயா. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அவ்வெண்ணெயில் ஹைட்ரஜனேற்றி, பின் நீராற்பகுத்தால் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் கிடைக்கிறது. இதை நூற்றுக்குச் சில பங்கு மட்டும் நல்லெண்ணெயிலோ கடலையெண்ணெயிலோ இட்டு, சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால், அது நுண்ணிய இழைகளாகப் படிகமாகி, ஒன்றோடொன்று பின்னி, எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். குப்பியைக் கவிழ்த்தாலும் வழியாது. இப்படி இறுகி நிற்கும் எண்ணெயே எண்ணெய்க் களிமம் (ஓலியோஜெல்). அந்தப் பின்னலுக்குள் இருக்கும் மருந்து மெல்லவே வெளியேறும்.

கேள்வி (பாலக்கோடு, மரச்செக்கு நடத்துபவர்): எங்கள் செக்கெண்ணெய் இதற்கு உதவுமா?

பதில்: அப்படியே உதவாது. ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஈரப்பதமும் அமில அளவும் மாறுகின்றன. மருந்துக்கோ, எண்ணெய் என்றும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். சுத்திகரித்துச் சோதித்த நல்லெண்ணெய் மருத்துவத்துக்குப் புதிதன்று: மனநோய்க்குப் பொதுவாக 4 வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஹாலோபெரிடால் டெக்கனோயேட் ஊசிமருந்து நல்லெண்ணெயில் கரைத்தே தயாரிக்கப்படுகிறது.

கேள்வி (கிருஷ்ணகிரி, இல்லத்தரசி): வலி மாத்திரையைப் பொடித்து, தேன்மெழுகும் எண்ணெயும் சேர்த்து வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், அம்மா. தோல் வழியே எவ்வளவு மருந்து உள்ளே போகும் என்பதை வீட்டில் அறிய வழியில்லை.

கேள்வி (ஊத்தங்கரை, எம்.பார்ம் மாணவி): என் களிமத்திலிருந்து 8 மணி நேரத்தில் மிகக் குறைந்த மருந்தே வெளியேறியது. இதைக் கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். குறைவாக வெளியேறுவது வேறு, கட்டுப்பாட்டோடு வெளியேறுவது வேறு. ஃபிரான்ஸ் செல் (Franz cell) என்னும், மேலறையிலுள்ள களிமத்திலிருந்து கீழறைக்கு வெளியேறும் மருந்தை அளக்கும் கருவியின் கீழறையில் 32 டிகிரி செல்சியசில் இருக்கும் தாங்கல் கரைசலில் (பஃபர்) உங்கள் மருந்து நன்கு கரைகிறதா என்று முதலில் பாருங்கள். கரையாத மருந்தாக இருந்தால், களிமம் விட்டுக்கொடுத்தாலும் கீழே இருக்கும் நீர் வாங்கிக்கொள்ளாது, அந்தத் தேக்கத்தைக் களிமத்தின் திறன் என்று நாம் எண்ணிவிடுவோம். அடுத்து, களிமமாக்கும் பொருள் சேர்க்காத வெறும் எண்ணெயில் அதே அளவு மருந்தைக் கரைத்து உடன்வைத்துச் சோதியுங்கள். நேரத்துக்கு எதிரே வெளியேறிய மருந்தின் அளவை வரைந்த இரண்டு கோடுகளும் ஒன்றிப்போனால், மருந்தைத் தடுப்பது இழைப்பின்னல் அன்று, எண்ணெய்மீது மருந்துக்குள்ள நாட்டமே. அப்போது களிமமாக்கியின் அளவைக் கூட்டுவதால் பெரும் பயன் இராது, எண்ணெயையே மாற்றிப் பார்க்க வேண்டும். மேலும், மருந்து வெளியேறும் வேகத்தைக் கணிக்க ஹிகுச்சி என்ற மருந்தியல் அறிஞர் 1961-இல் தந்த சமன்பாடு களிம்பில் கரையாமல் பரவி நிற்கும் மருந்துக்கானது; உங்கள் மருந்து முழுதும் கரைந்திருந்தால், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரையும் கோடு தொடக்கப் பகுதியில் மட்டுமே நேராக வரும்.

கேள்வி (ஓசூர், மருந்தாளுநர்): வெப்பம் தாங்காத மருந்துக்கு, களிமமாக்கியாக எத்தில் செல்லுலோஸ் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அதை எண்ணெயில் கரைக்க ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். மருந்து மட்டுமன்றி எண்ணெயும் கெடத் தொடங்கும். எண்ணெயைக் களிமமாக்கும் இன்னொரு பொருளான தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும்; அதிலிருந்து தொடங்குங்கள்.