இடிப்பதற்கு முன் இரண்டு வாளி தண்ணீர்

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்களுக்குப் பதினைந்து வருடத்துத் தனி வீடு. மூன்று பக்கமும் 9 அங்குல அகலத்தில் திறந்த செங்கல் வடிகால். போன ஐப்பசி மழையில் பின்பக்கம் நான்கு நாள் தண்ணீர் நின்றது. “எல்லாத்தையும் இடிச்சுட்டு பிவிசி பைப் புதைச்சு, மேல ஸ்டீல் ஜாலி போட்டுடலாம் சார்” என்கிறார் காண்டிராக்டர். சரியா?

பதில்: அவசரப்படாதீர்கள். திறந்த வடிகாலில் துடைப்பம் போகும், கண்ணும் போகும். புதைத்த குழாயில் வேப்பஞ்சருகும் மணலும் இறுகிவிட்டால், எங்கே அடைத்திருக்கிறது என்று தேடவே ஒரு நாள் கூலி தரவேண்டியிருக்கும்.

முதலில் வடிகாலைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, பின்பக்க மூலையில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். கால்மணி நேரம் கழித்தும் எங்கே பளபளவென்று நிற்கிறதோ, அங்கேதான் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போயிருக்கிறது. சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறங்கவேண்டும். மேஸ்திரியிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கண்மதிப்பில் சொல்வதை ஏற்காதீர்கள். பள்ளமான இடத்தில் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் ஊற்றி, அதன்மேல் வாட்டம் பூசவேண்டும். கொத்தாமல் மேலே பூசினால் அடுத்த வருடமே அப்பளமாகப் பெயரும். ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள். பெரும்பாலும் ஒருநாள் வேலை, மொத்தமாக இடிப்பதோடு ஒப்பிட்டால் செலவும் சொற்பம்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் இறங்கும். அதாவது 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதி. அத்தனையும் கடைசியில் வந்து சேருவது கேட் ஓரத்துச் சின்னச் சேம்பருக்குத்தான். அதன் அடிமட்டம், வெளியே போகும் குழாயைவிட ஒரு அடியாவது தாழ்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் மண் அங்கே தங்கும், குழாய்க்குள் போகாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சேம்பரே இல்லையென்றால், ஜாலிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

கேட்டுக்கு அடியில் மட்டும் குழாய் தவிர்க்கமுடியாது. எஸ்டபிள்யூஆர் எனப்படும், கழிவுநீருக்கும் மழைநீருக்குமான பிவிசி குழாயில் ‘டைப் ஏ’, ‘டைப் பி’ என்று இரண்டு உண்டு. ஏ மெல்லியது, சுவரில் இறங்கும் மழைக்குழாய்க்குப் போதும். புதைப்பதற்கு பி வாங்கி, கார் ஏறும் இடத்தில் சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள். குழாயின் மேலேயே ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். அந்தக் குழாயைப் பாதாளச் சாக்கடைச் சேம்பரில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மழை வலுத்தால் சாக்கடை உங்கள் கழிவறை வழியாகவே திரும்பி வரும்.

இனி ஜாலி. கடலோரம் இருக்கும் என் வீட்டில் நானே ஏமாந்த கதை இது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒரே சொல்லை நம்பி வாங்கினேன், பொங்கலுக்குள் துருக்கறை. கடைக்காரர் காந்தத்தை வைத்து “ஒட்டல பாருங்க” என்று காட்டியிருந்தார். சீக்கிரம் துருப்பிடிக்கும் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதைவிடத் துரு தாங்கும் 304 ரகத்திலும் ஒட்டாது. பில்லில் ‘304’ என்று எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் வேறு கடை. ஜாலிக்குப் பதில் கான்கிரீட் சிலாப் போடுவதானால் எடையை யோசியுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 2 அங்குலக் கனத்தில் ஒரு சிலாப் 22 கிலோவைத் தாண்டும். வீட்டில் இருப்பவர் ஒற்றை ஆளாகத் தூக்கமுடியாத மூடி போட்டால், அதற்கு அடியில் யாரும் கூட்டப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தெருவின் மட்டம் உங்கள் வடிகாலைவிட உயர்ந்துவிட்டதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போன தெருக்களில் இது சகஜம். அப்படியானால் எந்த வாட்டமும் உதவாது. தொட்டி கட்டி மோட்டாரால் இறைக்கவேண்டும், வெளித்தண்ணீர் உள்ளே ஏறாமல் குழாய் வாயில் நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். அதில் ஒரு சருகு சிக்கினாலும் கதவு மூடாது, மழைக்கு முன் கழற்றிக் கழுவுங்கள்.

கூட்டுவது புரட்டாசியில் ஒருமுறை நன்றாக, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். சேம்பரில் நிற்கும் தண்ணீரையும் அப்போதே மொண்டு கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வடிகால் ஓரம் பாசி பிடித்து அம்மா வழுக்கி விழப்பார்த்தார். ஆசிட் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ஆசிட் பாசியோடு சிமென்ட்டையும் தின்னும். சொரசொரப்பான தரையில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடரைத் தூவி, அரைமணி நேரம் விட்டு, தென்னந்துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முன்பு ஆசிட் ஊற்றிய இடமென்றால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே பவுடர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், வீட்டுச் சந்தில் அது மூச்சை அடைத்துவிடும்.