ஓநாய் இருக்கட்டும், அடி வேண்டாம்: வகுப்பறைக் கதைகள் பற்றிக் கேள்வி பதில்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் கதை சொல்லி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் டீச்சர். நாற்பது பிள்ளைகள், ஒரு நிமிடம் அடங்குவதில்லை. எந்தக் கதையில் ஆரம்பிக்கலாம்?

அடங்க வேண்டாத கதையில் ஆரம்பியுங்கள். ஈ தன் பெயரை மறந்த கதை தெரியும்தானே? "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா" என்று நீண்டுகொண்டே போகும். முதல் நாள் ஆயாவோடு நிறுத்திவிடுங்கள். மறுநாள் ஆயா கைக் கோல், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வரிசைக்கு ஒரு வரி கொடுத்துவிட்டால் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும் இடத்தை, வாயே திறக்காத பிள்ளைக்குக் கொடுங்கள். என் வகுப்பில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேசாமலிருந்த ஒரு பையனின் குரலை முதன்முதலில் கேட்டது அந்தக் கனைப்பில்தான்.

கேள்வி: சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் பாட்டியை விழுங்குகிறது. பிள்ளைகள் பயப்படுவார்களே, அந்த இடத்தை விட்டுவிடலாமா மேடம்?

விட்டுவிட்டால் கதையில் என்ன மிச்சம்? 1697இல் பிரெஞ்சில் பெரோ எழுதியதில் சிறுமியையும் ஓநாய் தின்றுவிடும், அத்தோடு முடிந்தது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மன் கதையில் வேடன் வந்து வயிற்றைக் கத்தரித்து இருவரையும் மீட்கிறான். சின்ன வகுப்புக்கு கிரிம் கதைதான் சரி. "லபக்!" என்று ஒரே சொல்லில் விழுங்க வைத்துவிடுங்கள்; பல், ரத்தம் என்று வர்ணிக்க வேண்டாம். வெளியே வந்ததும் சிறுமி, "உள்ளே ஒரே இருட்டு!" என்பாள். வகுப்பே சிரித்துவிடும். கடைசிப் பீரியடில் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். காலையில் சொன்னால் இடைவேளையில் ஓநாய் விளையாட்டு விளையாடித் தீர்த்துவிடுவார்கள்.

கேள்வி: அப்படியானால் நம்மூர் அத்திரிபாச்சா கதையையும் மாற்றாமல் சொல்லலாமா?

இதில் நான் கை வைக்கிறேன். மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, பெயரை மறந்துவிடுகிறான். அதுவரை அருமை. பிறகு அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று பெண்டாட்டியை அடிக்கிறான். வீக்கம் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, பெயர் நினைவுக்கு வருகிறது. ஓநாய் எந்தப் பிள்ளையின் வீட்டிலும் இல்லை. இந்த அடி சில வீடுகளில் இருக்கிறது, அங்கிருந்து வரும் பிள்ளை சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் கதையில் அவனே வாய்க்காலில் வழுக்கி விழுகிறான். "நெற்றி ஏன் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கு?" என்று மனைவி கேட்கிறாள். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கேள்வி: வகுப்பில் ஒரு குழந்தை சித்தியிடம் வளர்கிறாள். ஸ்னோ ஒயிட் கதையை எப்படிச் சொல்வது?

"ராணி" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் கொல்லச் சொல்பவள் பெற்ற தாயேதான். 1819 பதிப்பில்தான் அவளைச் சித்தியாக்கினார்கள். அவர்களே மாற்றிய கதை, நீங்களும் தாராளமாக மாற்றலாம்.

கேள்வி: கடைசியில் நீதி கேட்க வேண்டாமா?

நான் கேட்பதில்லை. காக்காவும் நரியும் கதையை முடித்துவிட்டு "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று ஒருமுறை கேட்டேன். "வடைக்குப் பாட்டிக்கு யார் டீச்சர் காசு கொடுப்பா?" என்றாள் ஒரு குட்டி. அன்று அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். காக்காவே கொடுக்க வேண்டும் என்று பெரும்பான்மையில் முடிவானது.

கேள்வி: புத்தகத்தைப் பார்த்துப் படிக்கலாமா, மனப்பாடமாகச் சொல்ல வேண்டுமா?

படம் நன்றாக இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் மறந்துபோனால் பிள்ளைகளையே கேளுங்கள், நேற்றுக் கேட்டவர்கள்தானே.